இரண்டாவது கோப்பை

டெர்க் ஹெஸ்ஸெலிங்கும் நானும் ஒரே பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தோம். அப்போதே அவன் பேசமாட்டான். வாத்தியார் கேள்வி கேட்டால் எழுந்து நிற்பான். பதில் தெரிந்தால் இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டு உட்காருவான். தெரியாவிட்டால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். தெரியாது என்று சொல்லவும் மாட்டான், தப்பாக எதையாவது உளறவும் மாட்டான். அடித்து அடித்து வாத்தியாருக்குக் கை ஓய்ந்துபோகும்.

பின்னால் முப்பத்தொரு வருடம் பால் லாரி ஓட்டினான். பண்ணை பண்ணையாகப் போய், குழாயை மாட்டி, பாலை உறிஞ்சிக்கொண்டு அடுத்த பண்ணைக்குக் கிளம்பிவிடுவான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஊரில் எல்லாரும் அவனைக் கேலி செய்ய ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது: பால் லாரிக்காரன் பாலைத் தொடமாட்டான். வாசனையே ஒத்துக்கொள்ளாது. எந்த வீட்டில் காப்பி கொடுத்தாலும் கடுங்காப்பிதான் குடிப்பான்.

நான் ஹெர்மீன். இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். தினமும் ஐம்பது பிள்ளைகளின் கூச்சலை முதுகில் வாங்கியவளுக்குப் பேய் பிசாசு எல்லாம் ஒரு பொருட்டே இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி நான் சொல்லப்போவதைக் கேட்டால், பாவம், தனியாக இருந்து இவளுக்கு மூளை குழம்பிவிட்டது என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வோல்டர்ப்ரூக்கில் ஒரே சாலை, ஏழு வீடுகள், இடையில் மக்காச்சோளக் காடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு முதல் நாபர் உண்டு. நாபர் என்றால் பக்கத்து வீட்டுக்காரர்தான், ஆனால் வேலிக்கு மேலே கையசைக்கிற உறவு இல்லை. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அந்த வீட்டார் விரலைக்கூட அசைக்கக் கூடாது. முதல் நாபர்தான் வந்து கடிகாரத்தை நிறுத்துவார், கண்ணாடியைத் துணியால் மூடுவார், தொழுவத்துக்குப் போய் மாடுகளிடம் சேதி சொல்வார், சவப்பெட்டியிலிருந்து துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் காப்பியோடு கொடுக்கும் திராட்சை ரொட்டி வரை எல்லா முடிவையும் அவரே எடுப்பார். இரண்டாம் நாபர் வீட்டுப் பெண் உடலைக் கழுவி உடுத்துவாள், பாத்திரம் துலக்குவாள். டெர்க் நாலு வீடுகளுக்கு முதல் நாபர். அவன் அப்பாவிடமிருந்து வந்த பொறுப்பு அது. அந்த நாலில் எங்கள் வீடும் ஒன்று. அவனுக்கு முதல் நாபர் நாங்கள்.

2020 இலையுதிர் காலத்தில் அந்தக் கடிதம் வந்தது. சட்டம் மாறியிருந்தது. அதுவரை, உறுப்புகளைத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்கள் மட்டும்தான் தருபவர்கள். இனிமேல் எழுதாதவர்களும் தருபவர்கள். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லையென்றால் ஆறு வாரத்தில் இன்னொன்று வரும். அதற்கும் வாய் திறக்காவிட்டால் உங்கள் பெயருக்கு நேரே "ஆட்சேபனை இல்லை" என்று பதிவேட்டில் ஏறிவிடும். பேசாதவன் சரி என்று சொன்னதாகக் கணக்கு.

கடிதத்தோடு வந்த படிவத்தில் நாலு கட்டங்கள். தருகிறேன். தரமாட்டேன். என் குடும்பத்தார் முடிவு செய்யட்டும். நான் பெயர் குறிப்பிடும் ஒருவர் முடிவு செய்யட்டும். இந்த நாலாவது கட்டத்தைத் அரசாங்க அலுவலகத்தில் உட்கார்ந்து வரைந்தவர்கள் யாரை மனதில் வைத்து வரைந்தார்களோ தெரியாது. கொரோனாக் காலம், யாரும் யார் வீட்டுக்கும் காப்பிக்குப் போகவில்லை. அவரவர் சமையலறையில் அவரவர் தனியாக உட்கார்ந்து யோசித்தோம். நான் செத்தால் எல்லாவற்றையும் யார் முடிவு செய்வார்? நாபர்தானே, இதில் கேட்க என்ன இருக்கிறது என்று டெர்க்கின் பெயர், விலாசம், தொலைபேசி எண் எல்லாம் எழுதி அனுப்பினோம். ஒருவர் எழுதியது இன்னொருவருக்குத் தெரியாது. டெர்க்குக்கும் யாரும் சொல்லவில்லை. நாபரிடம் போய் நீ என் நாபர் என்று சொல்வார்களா என்ன?

நானும் அப்படித்தான் எழுதினேன். மேசைக்கு எதிர்ப்பக்கம் என் கணவன் ஆரெண்ட் அவனுடைய படிவத்தை எழுதிக்கொண்டிருந்தான். அவன் "தருகிறேன்" என்று போட்டிருப்பான் என்று நினைத்தேன். அறுபது தடவை ரத்தம் கொடுத்தவன். எட்டிப் பார்க்கவில்லை, கேட்கவும் இல்லை.

முதல் சாவு 2022 ஜனவரியில், மூன்றாம் எண் வீட்டு அலெய்டா. எழுபத்தைந்து வயது, தூக்கத்தில் போய்விட்டாள். டெர்க் வந்து கடிகாரத்தை நிறுத்தினான். அந்த வீட்டுக்கு இரண்டாம் நாபர் நாங்கள், அதனால் நான் உடலைக் கழுவ வெந்நீரோடு போனேன். புதிதாக வந்திருந்த இளம் டாக்டர் மெரல் தொலைபேசியில் பதிவேட்டை விசாரித்துவிட்டு, கூடத்துக்கு வந்து டெர்க்கைப் பார்த்தாள்.

"மிஸ்டர் ஹெஸ்ஸெலிங்க், இவங்க உங்க பேரைத்தான் குடுத்திருக்காங்க. தோல், கண்ணு, எதை எடுக்கலாம் எடுக்கக் கூடாதுன்னு நீங்கதான் சொல்லணும்."

 "கேட்டுச் சொல்றேன்," என்றான் டெர்க்.

அவள் மகளைக் கேட்பான் என்று நினைத்தோம். மகள் கூடத்தில்தான் அழுதுகொண்டிருந்தாள். அவன் அவளைக் கடந்து சமையலறைக்குப் போனான். அலெய்டாவின் பால் சட்டியை அடுப்பில் வைத்து, பால் காய்ச்சி, இரண்டு கோப்பைகளில் காப்பி ஊற்றினான். தனக்குக் கடுங்காப்பி. இன்னொன்று பால் விட்டது. அதை எதிர் நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டு உட்கார்ந்தான். நான் பக்கத்து அறையில் அலெய்டாவின் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன், கதவு பாதி திறந்திருந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் படுத்திருந்த பூனை எழுந்து வெளியே போனது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. டெர்க் உட்கார்ந்திருந்த நாற்காலி என் கண்ணுக்குத் தெரிந்தது. அது அசையவில்லை.

இருபது நிமிடத்தில் வெளியே வந்தான். "தோலை எடுத்துக்கட்டுமாம். கண்ணு மட்டும் வேண்டாமாம்."

"முன்னாடியே உங்ககிட்ட சொல்லியிருந்தாங்களா?" என்று மெரல் கேட்டாள்.

"இல்ல. இப்பத்தான்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த துண்டைப் பார்த்தேன். மேற்கே கடலோர நகரத்தில் வளர்ந்த பெண், எங்கள் பேச்சு தனக்குச் சரியாகப் புரியவில்லை என்று நினைத்துக்கொண்டு எழுதிக்கொண்டாள்.

பிறகு நான் கோப்பைகளைக் கழுவினேன். இரண்டுமே காலி. பாலைத் தொடாதவன் இன்றைக்குக் குடித்துவிட்டானாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மனிதர்கள் துக்க வீட்டில் என்னென்னவோ செய்வார்கள்.

மூன்று வாரம் கழித்து மகள் அலெய்டாவின் தையல் மெஷின் இழுப்பறையைத் திறந்தாள். அதன் சாவி அலெய்டாவின் கழுத்துச் சங்கிலியில் கிடந்தது. கழுவும்போது நான்தான் கழற்றி மகள் கையில் கொடுத்தேன். உள்ளே அந்த முதல் கடிதம் இருந்தது, அதன் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருந்தது: தோல் தரலாம், தீக்காயம் பட்ட பிள்ளைகளுக்கு ஆகும். கண் வேண்டாம். அங்கே போய் ஹர்மைத் தேட வேண்டும். ஹர்ம், அவளுக்கு முன்பே போன கணவன். மகள் அந்தக் காகிதத்தை என்னிடம் காட்டினாள். டெர்க்கிடம் காட்டவில்லை. காட்டிவிட்டு வேகமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள், கதவைத் தாழிடுவது போல.

அடுத்து, அதே வருடம் நவம்பரில், ஆறாம் எண் வீட்டுப் பன்றிப் பண்ணைக்காரன் வெஸ்ஸல். வெஸ்ஸலும் டெர்க்கும் பத்தொன்பது வருடமாகப் பேசிக்கொண்டதில்லை. இரண்டு வயலுக்கும் நடுவே ஓடுகிற வாய்க்கால் யாருடையது என்று சண்டை. பேச்சு இல்லாவிட்டாலும் நாபர் நாபர்தான். அவனும் டெர்க் பெயரைத்தான் எழுதியிருந்தான். மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, பெரிய ஆஸ்பத்திரியில் மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஆள் இனி இல்லை என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். இதயம், கல்லீரல், சிறுநீரகம், எல்லாவற்றுக்கும் டெர்க்தான் பதில் சொல்ல வேண்டும்.

அங்கே நடந்ததை வெஸ்ஸலின் மகன் ருட்கர் என்னிடம் சொன்னான். டெர்க் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தானாம். வராந்தா மெஷினில் இரண்டு காகிதக் கோப்பைகளில் காப்பி பிடித்தானாம், ஒன்று பாலோடு. எல்லாரையும் வெளியே போகச் சொன்னானாம். ருட்கருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்திருக்கிறது. அப்பாவோடு பத்தொன்பது வருடம் பேசாதவன் இப்போது என்ன பேசப்போகிறான்? கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் டெர்க் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யாரோ நீளமாக ஏதோ சொல்வதைக் கேட்பவன் போல அவ்வப்போது தலையை ஆட்டிக்கொண்டிருந்தானாம். அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தான்.

"எல்லாத்தையும் எடுத்துக்கட்டுமாம். வாய்க்காலைத் தவிர."

ருட்கர் முதலில் சிரித்துவிட்டான், அப்புறம் சுவரில் சாய்ந்து அழுதான். அவன் அப்பாவின் வாயிலிருந்து அப்படியே வந்த பேச்சு அது. பிறகு உள்ளே போய்க் குப்பையில் போடலாம் என்று கோப்பைகளை எடுத்திருக்கிறான். இரண்டும் காலி.

"அப்பா தொண்டையில குழாய் சொருகியிருந்தாங்க, ஹெர்மீன்," என்றான் என்னிடம்.

மறுநாள் காலை டெர்க் வெஸ்ஸலின் பன்றிக் கொட்டகைக்குப் போய், நானூறு பன்றிகளுக்கு முன்னால் தொப்பியைக் கழற்றி, உங்கள் எஜமான் போய்விட்டான் என்று சொல்லிவிட்டு வந்தான். ஒரு பன்றிகூடக் கத்தவில்லை என்று ருட்கர் சொன்னான். அது பொய்யாக இருக்கலாம். பன்றி கத்தாமல் இருக்குமா?

அதற்குப் பிறகு சாலையில் ஒரு மாற்றம் வந்தது. டெர்க் நடந்து போனால் ஜன்னல் திரைகள் இறங்கின. யாருக்காவது இருமல் என்றால் டெர்க் காதுக்கு எட்டாமல் பார்த்துக்கொண்டார்கள். அவன் பாட்டுக்கு வழக்கம்போல வேலிக்கு வண்ணம் அடித்தான், இலைகளைக் கூட்டினான். ஆனால் பதிவேட்டிலிருந்து அவன் பெயரை யாரும் எடுக்கவில்லை. கணினியில் பத்து நிமிட வேலை. நானே இரண்டு தடவை அந்தப் பக்கத்தைத் திறந்தேன். ஹெஸ்ஸெலிங்க், டெர்க் என்று இருந்தது. நாபரை வேலையிலிருந்து நீக்குவது எங்கள் பக்கத்தில் கிடையாது. மூடிவிட்டேன்.

2023 மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஆரெண்ட் கொட்டகையில் புல்வெட்டும் மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு அப்படியே சரிந்துவிட்டான். நான் சாப்பிடக் கூப்பிடப் போனபோது ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அறுபத்தேழு வயது. நாற்பத்தொரு வருடக் கல்யாணம்.

டெர்க் வந்தான், கடிகாரத்தை நிறுத்தினான். மெரல் வந்தாள், தொலைபேசியில் பேசினாள், பேசிக்கொண்டே என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆரெண்டும் டெர்க் பெயரைத்தான் எழுதியிருந்தான். நானும் அதையேதான் செய்திருந்தேன், ஆனாலும் வலித்தது.

"டெர்க், அவன் சரின்னுதான் சொல்வான்," என்றேன். "அறுபது தடவை ரத்தம் குடுத்தவன்."

"கேக்கிறேன்."

"கேக்க என்ன இருக்கு? நான்தான் சொல்றேனே."

"பதிவேட்டுல உன் பேரு இல்லையே, ஹெர்மீன்."

அவன் குரலில் கடுமை எதுவும் இல்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னான். என் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பால் காயும் வாசனை வந்தது. நான் கூடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எதிர் நாற்காலி கிறீச்சிடுகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன். இருபது நிமிடம் ஆனது. அரை மணி ஆனது. மெரல் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒரு மணி நேரம் தாண்டியது. வீட்டில் ஓடுகிற கடிகாரம் அது ஒன்றுதான். ஒரு சத்தம் இல்லை.

டெர்க் வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"வேண்டாம்," என்றான்.

"அவன் அப்படியா சொன்னான்?"

டெர்க் ஜன்னலைப் பார்த்தான்.

"டெர்க், உன்னைத்தான் கேக்கிறேன். ஆரெண்டு அப்படியா சொன்னான்?"

ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றான். பெயர் கொடுக்கப்பட்டவர் சொல்வதுதான் முடிவு, அதற்கு மேல் யாரும் எதுவும் செய்ய முடியாது என்று மெரல் மெதுவாகச் சொன்னாள். நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். துக்க வீட்டுக்காரி பாத்திரத்தைத் தொடக் கூடாது, தெரியும். கோபத்தில் எதையாவது கையால் பிடிக்க வேண்டும் போல இருந்தது. மேசையில் ஒரு கோப்பை காலி, இன்னொன்று நிறைய இருந்தது, மேலே தடித்த ஏடு. அதைத் தொட்டியில் கவிழ்த்தேன். ஏடு வடிகால் சல்லடையில் ஒட்டிக்கொண்டது. விரலால் தள்ளிவிட்டேன். அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அன்றிலிருந்து டெர்க்கோடு பேசவில்லை. இரண்டு வருடத்துக்கும் மேலே.

என் ஆத்திரம் அவன்மீது மட்டும் இல்லை. ஆரெண்டின் கண்ணால் எங்கேயாவது யாராவது ஒரு மக்காச்சோளக் காட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்ற எண்ணம் எனக்குத் தேவையாக இருந்தது. அது போகட்டும். கேட்டதெல்லாம் கொடுத்தவன், கடன் வாங்கிய அண்டை வீட்டானிடம் ஏணியைத் திருப்பிக் கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவன், கடைசியில் வேண்டாம் என்று ஏன் சொன்னான்? நான் யாரோடு நாற்பத்தொரு வருடம் இருந்தேன்? படுத்தால் இந்தக் கேள்வி, எழுந்தால் இந்தக் கேள்வி. அவனுடைய சட்டைகளைக்கூடச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தேன். டெர்க் பொய் சொல்லியிருந்தால் நல்லது என்று நினைப்பேன். ஆனால் அவன் பொய் சொல்லி ஆறு வயதிலிருந்து நான் பார்த்ததில்லை.

டெர்க் தன் கடமையை விடவில்லை. பனி கொட்டினால் என் வாசலைத் தள்ளிச் சுத்தம் செய்திருப்பான். சனிக்கிழமைதோறும், முன்பு பால் எடுத்த ஒரு பண்ணையிலிருந்து வாங்கிய பாலை ஒரு தூக்குவாளியில் என் வாசற்படலில் மாட்டிவிட்டுப் போவான். நான் அதைப் பூனைகளுக்கு ஊற்றினேன். அவன் பார்க்க வேண்டும் என்றே முற்றத்தில் வைத்து ஊற்றினேன்.

சென்ற அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. காலை எட்டாகியும் டெர்க் வீட்டு ஜன்னல் மறைப்புகள் ஏறவில்லை. என் படலில் தூக்கும் இல்லை. பேசாமல் இருந்தாலும் நான் அவனுக்கு முதல் நாபர். கோட்டை மாட்டிக்கொண்டு போனேன். பின்கதவு திறந்தே இருந்தது. உள்ளே வாசலுக்குப் பக்கத்தில் என்னுடைய தூக்கு, பால் நிரப்பி, மூடி போட்டு. டெர்க் கூடத்து நாற்காலியில் ஒரு காலில் பூட்ஸோடு உட்கார்ந்திருந்தான். நெற்றியைத் தொட்டேன், குளிர்ந்திருந்தது. அறுபத்தொன்பது வயது, என் வயதுதான்.

கடிகாரத்தை நிறுத்தினேன். கண்ணாடி என்று பார்த்தால் சவரக் கண்ணாடி ஒன்றுதான், அதன்மேல் துண்டைப் போட்டேன். மெரலைக் கூப்பிட்டேன். அவள் வந்து பார்த்துவிட்டு, தொலைபேசியில் பேசினாள். பேசி முடித்ததும் எதிரே வந்து நின்றாள்.

"உங்க பேருதான் இருக்கு," என்றாள். "போன வருஷம்தான் மாத்தியிருக்காரு."

நான் அவனோடு பேசாமல் இருந்த காலத்தில் மாற்றியிருக்கிறான்.

"உங்களுக்கு எவ்வளவு நேரம் வேணும்?" என்று மெரல் கேட்டாள். நாலு வருடத்துக்கு முன்பு வந்த பெண் இப்படிக் கேட்டிருக்க மாட்டாள். பதிலுக்குக் காத்திருக்காமல் வெளியே போய்க் காரில் உட்கார்ந்துகொண்டாள்.

அவன் சமையலறையில் இரண்டே கோப்பைகள் இருந்தன. எனக்கென்று வைத்திருந்த தூக்கைத் திறந்து பாலை அடுப்பில் வைத்தேன். காப்பி போட்டேன். அவன் பக்கம் கடுங்காப்பி, என் பக்கம் பால் விட்டது. உட்கார்ந்தேன். எவ்வளவு முட்டாள்தனம் என்று எனக்கே சிரிப்பு வந்தது. இருந்தாலும், "டெர்க், உன்னை என்ன செய்யச் சொல்ற?" என்றேன். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவனோடு நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

ஒன்றும் நடக்கவில்லை. ஃப்ரிட்ஜ் உறுமிக்கொண்டிருந்தது. வெளியே மழை தூற ஆரம்பித்தது. பிறகு ஃப்ரிட்ஜும் நின்றது. எதிர் நாற்காலி கிறீச்சிட்டது.

நான் தலையை நிமிர்த்தவில்லை. மேசைத்துணியின் கட்டங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். குரல் எதுவும் கேட்கவில்லை. மறந்துபோன ஒரு பெயர் சட்டென்று ஞாபகம் வருமே, அது போல வந்தது, ஆனால் அது என் ஞாபகம் இல்லை.

அடுப்பைப் பாரு.

திரும்பினேன். தீயை அணைக்க மறந்திருக்கிறேன். சட்டியில் மீதிப் பால் விளிம்புவரை பொங்கி நின்றது. பாய்ந்து போய் அணைத்தேன். மறுபடி வந்து உட்காரும்போது மீதியும் வந்துவிட்டது: முழுசும் எடுத்துக்கட்டும். இரண்டே வார்த்தை, டெர்க் சொல்கிற மாதிரியே.

நான் அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நாபரின் வேலை அவ்வளவுதான். நிறுத்தவில்லை.

"ஆரெண்டு என்ன சொன்னான், டெர்க்? இப்பவாவது சொல்லு."

காத்திருந்தேன். மழை பெய்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடிகாரத்தை நான்தான் நிறுத்தியிருந்தேனே. பதில் வரவில்லை. அவன் எங்கே பார்த்துக்கொண்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். கடைசியில் தலையை நிமிர்த்தினேன். எதிரே வெறும் நாற்காலி, அதன் முன்னால் அவன் கோப்பை. அடிவரை காலி.

என் கோப்பையைப் பார்த்தேன். நான் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. ஆறிப்போய், நிறைந்து, மேலே தடித்த ஏடு.

அப்போதுதான் என் விரலுக்கு ஞாபகம் வந்தது. சல்லடையில் ஒட்டிய ஏடு, அதை நான் தள்ளிவிட்டது. அலெய்டாவின் கோப்பை காலி. வெஸ்ஸலின் கோப்பை காலி. ஆரெண்டுக்கு ஊற்றிய கோப்பை நிறைய இருந்தது. அதில் யாரும் வாய் வைக்கவில்லை.

ஆரெண்ட் வரவே இல்லை. அன்றைக்கு என் சமையலறையில் டெர்க் ஒரு மணி நேரத்துக்கு மேல் வெறும் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறான். கேட்டிருக்கிறான், திரும்பத் திரும்பக் கேட்டிருப்பான். வேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. சட்டமாக இருந்தால் ஆட்சேபனை இல்லை என்று எழுதிக்கொண்டு போயிருக்கும். டெர்க்கால் அது முடியவில்லை. சொல்லாததைச் சரி என்று எடுத்துக்கொள்ள மனமில்லாமல் வேண்டாம் என்று சொன்னான். அவன் சொன்னானா என்று நான் கத்தியபோது, உன் புருஷன் வரவில்லை, அங்கே யாரும் இல்லை என்று என் முகத்துக்கு நேரே சொல்ல வாய் வராமல் ஜன்னலைப் பார்த்தான். நான் அவன் பாலைப் பூனைக்கு ஊற்றியதை இரண்டு வருடம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஆரெண்ட் கஞ்சனாகிச் சாகவில்லை. அது ஒன்று தெரிந்தது. அவன் எங்கேயும் இல்லை என்பதும் தெரிந்தது. எது மேல் என்று என்னைக் கேட்காதீர்கள். நான் அந்த மேசையில் தலையைச் சாய்த்து, "மன்னிச்சுக்கடா," என்று சொல்லிச் சொல்லி அழுதேன். யாரிடம் சொன்னேன் என்று தெரியாது. இரண்டு பேரிடமும்தான் இருக்க வேண்டும்.

மெரலிடம் போய், "முழுசும் எடுத்துக்கட்டுமாம்," என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு எதுவும் கேட்காமல் எழுதிக்கொண்டாள்.

டெர்க் போன சேதியைச் சொல்ல அவனிடம் மாடு இல்லை. பதினோரு மணிக்குச் சாலையில் பால் லாரி வந்தது. நடுரோட்டில் நின்று கையைக் காட்டினேன். ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினான், டெர்க்குக்குப் பிறகு வந்தவன், தாடிக்காரன். "டெர்க் ஹெஸ்ஸெலிங்க் போயிட்டான்," என்றேன். அவன் என்ஜினை அணைத்தான்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றாமலே கணினியைத் திறந்தேன். என் பெயருக்குக் கீழே இன்னமும் ஹெஸ்ஸெலிங்க், டெர்க் என்றுதான் இருந்தது. அதை அழித்தேன். நாலு கட்டங்கள் வந்தன. நானும் ஆரெண்டைப் போலத் திரும்பி வராமலே போய்விடுவேனோ என்னவோ, யார் கண்டார்கள். என் மேசையில் யாரும் ஒரு மணி நேரம் காத்திருந்து முகம் வெளுத்து எழுந்து போக வேண்டாம். முதல் கட்டத்தைத் தொட்டேன். தருகிறேன்.

பிறகு அடுப்பில் பாலை வைத்தேன். கை பாட்டுக்கு அலமாரியிலிருந்து இரண்டு கோப்பைகளை எடுத்தது. ஒன்றைத் திருப்பி வைத்துவிட்டேன்.